மாண்டோர் நினைவும் இறையியலும்

இறைவனைப் பற்றிய சிந்தனைக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்பார் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1922-இல் ‘அரசியல் இறையியல்’ என்னும் நூலை வெளியிட்ட ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட், அரசின் இறையாண்மைக் கருத்து சமயக் கருத்திலிருந்தே பிறந்தது என்றார். அவரே 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். ஆள்வோர் பக்கம் நின்று பேசும் இறையியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதுவே சான்று.

அதே சொல்லைத் துன்புற்றோர் பக்கம் திருப்பியவர் யோகான் பாப்டிஸ்ட் மெட்ஸ் (1928–2019) என்னும் கத்தோலிக்க அறிஞர். போரின் இறுதியில், 16 வயதில் படையில் சேர்க்கப்பட்ட அவர், செய்தி ஒன்றைக் கொண்டுசேர்த்துத் திரும்பியபோது தம் தோழர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் மாண்டு கிடக்கக் கண்டார். அவர்களுக்கு இறையியல் என்ன விடை கூறும் என்பதே அவர் வாழ்நாள் வினாவாயிற்று.

அவ்வினாவுக்குத் துணை நின்றது, 1923-இல் பிராங்பர்ட்டில் தோன்றிய சமூக ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள் வளர்த்த விமர்சனக் கோட்பாடு. 1937-இல் அவருள் ஒருவரான ஹோர்க்ஹைமர், கடந்த கால அநீதி முடிந்துபோனது, மாண்டவர் மீளார் என்று வால்டர் பெஞ்சமினுக்கு எழுதினார். பெஞ்சமின் அதனை ஏற்கவில்லை. முடிந்ததை முடியாததாக ஆக்கும் ஆற்றல் நினைவுக்கு உண்டு என்று அவர் கருதினார். நாஜிகளுக்குத் தப்பியோடிய அவர், 1940-இல் ஸ்பெயின் எல்லையில் உயிர் துறந்தார்.

இக்கருத்தை ஏற்று வளர்த்த மெட்ஸ், துன்புற்றோர் நினைவை ‘ஆபத்தான நினைவு’ என்று அழைத்தார். யாருக்கு ஆபத்து? மறதியின் மேல் அமைதியைக் கட்டியோருக்கே ஆபத்து.

இந்நாட்டிலும் 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் அர்விந்த் நிர்மல், இந்தியக் கிறிஸ்தவ இறையியல் மேல்சாதி மரபையே பற்றி நின்றதைச் சுட்டிக்காட்டினார். தலித் இறையியல் அதன்பின் வளர்ந்தது. துன்புற்றோர் வரலாறே அதன் தொடக்கம்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தீக்கிரையான 44 பேரை, முடிந்துபோன செய்தி என்று நாம் மூடிவைக்கலாமா? நினைவு மட்டும் நீதியாகிவிடாது; ஆயினும் நினைவை இழந்த சமுதாயம் நீதியைக் கேட்கவும் மறந்துவிடும். ஆதலின், நம் இளைஞர்கள் தத்தம் ஊர் முதியோரிடம் கேட்டு, ஏட்டில் ஏறாத நம் வரலாற்றை எழுதிவைக்க முன்வருதல் வேண்டும். கல்வி நமக்களித்த எழுதுகோலின் முதற்கடன் அதுவே.