சாவி வந்தது, போறணை வரவில்லை

'பை' என்று தமிழில் எழுதியதும் வாசகர் மனத்தில் முதலில் தோன்றுவது கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்லும் துணிப்பைதான். ஐரோப்பியர் அப்பெயரால் அழைக்கும் பண்டமும் ஒரு வகையில் பையே. கோதுமை மாவைப் பிசைந்து தட்டி, அதனுள் இறைச்சியையோ மீனையோ பழத்தையோ பொதிந்து, வாயை மூடிச் சூட்டடுப்பில் சுட்டெடுப்பது அது. அடியில் மாவு இல்லாமல், சட்டியில் கறியை நிரப்பி மேலே மட்டும் மாவால் மூடிச் சுட்டால் சட்டிப் பை. இறாலும் வஞ்சிரமும் இட்டு இதை வீட்டிலேயே செய்வது இன்று கடினமன்று. செய்முறையை இறுதியில் சொல்வோம்.

அதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 1530கள் தொடங்கிப் போர்த்துக்கீசியரும், பின்னர் டச்சுக்காரரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வந்து தங்கிய கரை முத்துக்குளித்துறை. மூவருமே பை உண்ணும் மக்கள். கடலோ வாசலிலேயே கிடக்கிறது. அப்படியிருந்தும் தூத்துக்குடியின் பெயரைச் சொல்லும் பண்டமாக மீன் பை ஏன் ஆகவில்லை?

உணவு வரலாற்றில் இது சிறு கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் கடற்கரைச் சமையலில் எதைக் கண்டாலும் 'போர்த்துக்கீசியர் கொடுத்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வரியில் கொடுத்தவன் மட்டுமே இருக்கிறான். எதை வாங்குவது, எதை விடுவது என்று தன் அடுப்படியில் நின்று முடிவு செய்தவள் இல்லை. ஒரு பண்டம் ஏன் வரவில்லை என்று கேட்டால்தான் அவள் கண்ணுக்குத் தெரிவாள்.

மாவு ஒரு பாத்திரம்

முதலில் பையின் சொந்த ஊரைப் பார்ப்போம். இடைக்கால இங்கிலாந்தில் பையின் மேலோட்டுக்குப் 'பெட்டி' என்னும் பொருள்படும் 'காஃபின்' என்ற பெயர் வழங்கியது. இன்று சவப்பெட்டிக்கு வழங்கும் அதே சொல்தான். அந்த ஓடு தடித்தது, கடினமானது. அதன் முதல் வேலை உள்ளிருக்கும் கறியைத் தாங்குவதும் காப்பதும்தான். அதாவது, மாவு அங்கே பாத்திரமாக இருந்தது.

அதற்கு மதமும் துணை நின்றது. கத்தோலிக்க ஐரோப்பாவில் தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சி விலக்கு. அந்நாள்களில் இறைச்சியின் இடத்தை மீன் பிடித்துக்கொண்டது. பைக்குள்ளும் அது புகுந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வால் கரையிலுள்ள மௌசல் என்னும் மீனவ ஊரில் இன்றும் டிசம்பர் 23 அன்று ஒரு மீன் பை செய்கிறார்கள். சாளை இனத்து மீன்களின் தலைகள் மாவு மூடியைத் துளைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்கும். நட்சத்திரம் பார்க்கும் பை என்பதே அதன் பெயர்.

இத்தனைக்கும் அடிப்படை மூன்று: வயலில் கோதுமை, குளிர்ந்த காற்றில் இறுகி நிற்கும் வெண்ணெயோ பன்றிக் கொழுப்போ, நெடுநேரம் சூட்டைப் பிடித்துவைக்கும் கல் அடுப்பு. அந்த அடுப்பும் எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. பிசைந்த பையை அடுமனைக்குக் கொடுத்துச் சுட்டு வாங்கிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம்.

கரைக்கு வந்தவை

1530களின் நடுப்பகுதியில் முத்துக்குளிப்பு உரிமை குறித்து எழுந்த பூசலில் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். பெருந்திரளாகத் திருமுழுக்கும் பெற்றனர். 1542இல் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த அன்றீக் அடிகளார் இம்மக்களிடையே தமிழ் கற்று ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கப் பக்கத்திலேயே இக்கரையின் பெயர் இருக்கிறது.

பெயர்களும் வந்தன. பர்னாந்து, கோமஸ், மச்சாது, மிராந்தா என்னும் குடிப்பெயர்கள் இன்றும் இவ்வூர்களில் வழங்குகின்றன. சொற்களும் வந்தன. சன்னல், சாவி, அலமாரி, மேசை, பீப்பாய், கோப்பை என நாம் அன்றாடம் புழங்கும் இச்சொற்கள் போர்த்துக்கீசிய மொழி வழியாகத் தமிழுக்கு வந்தவை.

இப்பட்டியலைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டுகிறோம். வீட்டின் சுவரிலும் கூடத்திலும் இருப்பவை வந்திருக்கின்றன. கடையில் வாங்கி டப்பாவில் வைத்துக்கொள்ளும் பிஸ்கோத்தும் வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பிஸ்கோத்தைச் சுடும் அடுப்பின் பெயர் தமிழ்நாட்டுப் பேச்சில் நிலைக்கவில்லை.

கடலைக் கடந்து இலங்கைக்குப் போனால் நிலைமை வேறு. அங்குள்ள தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்கின்றனர். அதைச் சுடும் அடுப்பு 'போறணை'. இரண்டும் போர்த்துக்கீசியச் சொற்களின் தமிழ் வடிவங்கள். சமையலறையும் அங்கே 'குசினி'. பொருள் தங்கிய இடத்தில் சொல்லும் தங்கும். போறணை என்ற சொல் யாழ்ப்பாணத்தில் வாழ்வதும் தூத்துக்குடியில் வழங்காமற்போனதும் தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஆவியின் நாடு

தூத்துக்குடியின் அடுக்களை எதை வைத்திருந்தது? கோதுமை அங்கு விளையும் பயிரன்று. அரிசியே ஆட்சி செய்தது. எரிபொருளாகக் கிடைத்தவை பனையோலையும் மட்டையும் தென்னம்பாளையும். சடசடவென்று பற்றி எரிந்து விரைவில் அடங்கும் நெருப்பு அது. குழம்பு கொதிக்கவும் ஆவி கிளம்பவும் அது போதும். மணிக்கணக்கில் ஒரே சீரான வறண்ட சூட்டை அது தராது. வெண்ணெயோ 35 பாகைக்கு முன்னரே உருகிவிடும். இவ்வூரின் கோடை நண்பகலில் வெண்ணெயும் மாவும் சேர்த்துப் பை மூடி தட்ட முயல்பவருக்கு மிஞ்சுவது கைநிறைய எண்ணெய்ப்பசையே.

பொதிந்து சமைக்கும் கலை மட்டும் நமக்குப் புதியதன்று. கொழுக்கட்டை என்பது என்ன? மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்து மூடியது. அங்கே சூடு வறண்ட சூடாக இருந்தது. இங்கே ஈரமான ஆவியாக இருந்தது. மலபார்க் கரையில் 'அரிக்கடுக்க' செய்வோர் ஒரு படி மேலே போய், கடற்சிப்பியின் ஓட்டையே சட்டியாக்கி, அதனுள் அரிசி மாவை அடைத்து அவிக்கின்றனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் செய்யப்படும் வட்டிலப்பம் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பண்டம். ஐரோப்பிய அடுமனையில் பிறந்திருந்தால் சுடப்பட்டிருக்கும். இங்கே ஆவியில் வெந்தது.

மீனுக்கும் இங்கே வேறு தகுதி. ஐரோப்பியக் கத்தோலிக்கருக்கு மீன் விலக்கு நாளின் உணவு. ஆகவே அதை மாவில் பொதிந்து சிறப்பிக்க வேண்டியிருந்தது. பரதவருக்கோ மீன் ஒவ்வொரு நாளின் உணவு. காலையில் கரைசேர்ந்தது நண்பகலில் குழம்பாகிவிடும். மிஞ்சியதைக் காக்க மாவு ஓடு தேவையில்லை. உப்பும் வெயிலும் இருக்கின்றன, கருவாடு இருக்கிறது. உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

இங்கே ஒரு முரணையும் குறித்தாக வேண்டும். இக்கரைக்கு உலகப் புகழ் தந்த முத்துச்சிப்பி சட்டிக்குள் போகவில்லை. குளித்தெடுத்த சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, சதை கரைந்தபின் கழுவியே முத்தைப் பிரித்தனர். அந்த நாற்றம் நெடுந்தொலைவு வீசும். அரசர்களும் கம்பெனிகளும் எண்ணிக் கணக்கெழுதியது அந்த முத்தை. 1961இல் நடந்ததோடு இக்கரையின் பெரிய முத்துக்குளிப்புகள் முடிவுற்றன. குளித்தவன் வீட்டில் அன்று என்ன சமைத்தார்கள் என்பதற்கு எந்தக் கம்பெனியும் பேரேடு வைக்கவில்லை.

தங்கியவர்களும் போனவர்களும்

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் கொழும்பு அவர்கள் வசமாகியிருந்தது. தூத்துக்குடிப் பண்டசாலை இலங்கையிலிருந்த டச்சு ஆட்சியின் கீழேயே இயங்கியது. ஒரே ஆட்சி, ஒரே கடல். ஆனாலும் சமையல் இரு கரைகளிலும் ஒன்றுபோல் வளரவில்லை.

கொழும்பில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் சமூகம் வேரூன்றியது. அவர்கள் வீட்டுச் சமையல் தலைமுறைகளாக நீடித்தது. வாழையிலையில் சோற்றையும் கறியையும் பொதிந்து சூட்டடுப்பில் வைக்கும் 'லம்பிரைஸ்' அவர்களுடையது. அரைவட்டமாக மடித்து, மீனும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து எண்ணெயில் பொரிக்கும் 'பற்றீஸ்' அங்கே தேநீர்க்கடை வரை இறங்கிவிட்டது. பை அங்கே தன் அடுப்பை விட்டு எண்ணெய்ச் சட்டிக்கு மாறி உயிர்பிழைத்தது எனலாம்.

கோவாவில் வேறொரு வழி கண்டனர். இறால் கறியை நடுவில் வைத்து, அரிசியும் தேங்காயும் அரைத்துக் கள்ளில் புளிக்கவைத்த மாவால் மேலும் கீழும் மூடிச் சுடும் 'ஆப்பா' அவ்வூர்க் கத்தோலிக்க இல்லங்களின் இறால் பை. கோதுமையும் வெண்ணெயும் போய் அரிசியும் தேங்காயும் வந்தன. அடுப்பு மட்டும் நிலைத்தது.

தூத்துக்குடியிலோ வந்தவர்கள் வணிகத்துக்காக வந்தனர், ஆட்சி மாறியதும் பெரும்பாலும் போயினர். 1825இல் ஊர் நிலையாக ஆங்கிலேயரிடம் வந்தது. 1876இல் இருப்புப்பாதை வந்தது. 1906இல் வ.உ.சிதம்பரனார் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது. பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914 வரை சென்னையிலிருந்து கொழும்பு செல்லும் தபால் வண்டிப் பயணிகள் இங்கேதான் கப்பல் ஏறினர். இப்போக்குவரத்தில் சூட்டடுப்பு ஊருக்குள் நிலைகொண்டது வீட்டுப் பொருளாக அன்று, கடைப் பொருளாக. பேக்கரி என்பதே அதன் பெயர்.

அந்தக் கடையில் ஊரின் பெயரைப் பெற்றது மக்ரூன். ஐரோப்பாவில் வாதுமையால் செய்வது. இங்கே வாதுமையின் இடத்தில் முந்திரி. அந்த முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரத்தின் கொட்டைதான். முட்டையின் வெண்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப்பொடியும் சேர்த்து, அணைந்துவரும் அடுப்பின் மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலரவிட வேண்டும். கோதுமையும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம். வெப்பமான கடற்கரை ஊர் ஒன்று ஐரோப்பிய அடுமனையிலிருந்து எதைத் தேர்ந்தெடுக்குமோ அதையே தேர்ந்தெடுத்திருக்கிறது. இதை வெறுங்கடன் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இனி, சட்டிப் பை

தடைகள் இன்று விலகிவிட்டன. குளிர்பெட்டியில் வெண்ணெய் இறுகி நிற்கிறது. மைதா தெருமுனையில் கிடைக்கிறது. சிறிய மின் ஓவன் பல வீடுகளில் உண்டு. ஆகவே இன்று தூத்துக்குடிப் பெண்ணொருத்தி மீன் பை செய்தால், அவள் எந்தத் துரையின் சமையற்காரனையும் பின்பற்றவில்லை. தன் ஊரில் இதுவரை இடம் கிடைக்காத ஒரு பண்டத்துக்குத் தானே இடம் ஒதுக்குகிறாள்.

நால்வருக்கு 200 கிராம் மைதாவும் 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயும் போதும். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, உப்பிட்ட மாவில் விரல்நுனியால் உதிர்த்து, நான்கைந்து கரண்டி குளிர்நீர் தெளித்துத் திரட்டி, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அழுத்திப் பிசைந்தால் மூடி பொரபொரப்பை இழந்து தோலாகிவிடும்.

கறிக்கு இறாலும், இவ்வூரில் சீலா எனப்படும் வஞ்சிரமுமாக அரைக் கிலோ. சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மிளகும் சோம்பும் பொடித்திட்டு, கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கோப்பை ஊற்றி, ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்துவிட்டுக் குழம்பை இறுக்க வேண்டும். மீனும் இறாலும் கடைசியில். இரண்டு நிமிடம் கொதித்தால் போதும்; அடுப்பில் மறுபடியும் வேகப்போகின்றன அல்லவா? இடித்த மாசி ஒரு சிட்டிகை சேர்த்தால் கறியின் ருசி இக்கரைக்கு உரியதாகிவிடும்.

கறி முழுதும் ஆறிய பிறகே மாவு மூடியைப் போட வேண்டும். சூட்டோடு போட்டால் வெண்ணெய் உருகி மூடி உள்ளே அமிழ்ந்துவிடும். சட்டியின் விளிம்பில் மாவை அழுத்தி ஒட்டி, நடுவில் கத்தியால் கீறி ஆவிக்கு வழிவிட்டு, மேலே முட்டை தடவி, 200 பாகைச் சூட்டில் 25 முதல் 30 நிமிடம் வைத்தால் மூடி பொன்னிறமாகும்.

ஓவன் இல்லாதோர் கனமான பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடேற்றி அதனுள் சட்டியை வைப்பதுண்டு. அவ்வாறு செய்தால் மாவு வேகும். மேற்புறம் எளிதில் சிவக்காது. சூடு கீழிருந்து மட்டுமே வருவதுதான் காரணம். அதனால்தான் கோவாவில் அக்காலத்தில் பாத்திர மூடியின் மேலும் தணலை இட்டார்கள். கல் அடுப்பு செய்துவந்த வேலை எதுவென்று அந்த வெளுத்த மூடியைப் பார்த்தால் விளங்கிவிடும்.

பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5. வெளியூர்ப் பிள்ளைகள் வீடு திரும்பும் நாள்கள் அவை. அவ்வேளையில் யாரேனும் ஒருவர் வீட்டில் இதைச் செய்து மேசைமேல் வைத்து, இது போர்த்துக்கீசியர் கொடுத்ததா என்று விருந்தினர் கேட்டால், மேசை அவர்களுடைய சொல், மீன் நம் கடலினுடையது, பை இன்றைக்குத்தான் வந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.