ஒரே கை, ரெண்டு ஊசி

2021 ஜூலை. திருமழிசை வீட்ல நான் ஒர்க் ஃப்ரம் ஹோம், அக்கா ஆறு மாசம். நர்சம்மா டிடி ஊசி போட்டப்போ எதுக்குன்னுகூட கேக்காம கையை நீட்டினவ, கொரோனா ஊசின்னதும் "குழந்தை பொறக்கட்டும்டா, பாத்துக்கலாம்"னுட்டா.

டிடின்னா ரண ஜன்னிக்கான ஊசி. கர்ப்பிணிகளுக்கு அது தேசியத் திட்டத்துல வந்தது 1983ல. அந்தக் காலத்துல இந்தியாவுல வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல பச்சைக் குழந்தைங்களுக்கு அந்த நோய் வந்தது. தொப்புள்கொடி வெட்டின பிளேடு சுத்தமா இருக்காது. அம்மாவுக்கு ஊசி போட்டா, எதிர்ப்பு சக்தி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கும் போயிடும். எங்க அம்மாவும் எங்க ரெண்டு பேருக்காகவும் போட்டுக்கிட்டவங்கதான். அக்காவுக்கு அந்த ஊசி, வீட்டு வழக்கம் மாதிரி.

கொரோனா ஊசி அப்படியா? ஆரம்பப் பரிசோதனைகள்ல கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்ல. 2021 ஜனவரி 16ல தடுப்பூசி தொடங்கினப்போ, கர்ப்பிணிகளுக்கு வேணாம்னு சொன்னது மத்திய அரசுதான். ஜூலை 2ல போட்டுக்கலாம்னு சொன்னதும் அதே அரசுதான். கோடுல ஃபால்ஸை ட்ரூன்னு மாத்த ஒரு நொடி போதும். ஆறு மாசமா காதுல விழுந்த 'வேணாம்'?

நான் அவளைப் பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணேன். தப்புதான். "மே மாசம் ஆகாதுன்னாங்க, இப்போ என்னடா மாறுச்சு?"ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல.

பதில் சொன்னது நர்சம்மா. ரெண்டாவது அலையில கர்ப்பிணிகள் எவ்ளோ மோசமா பாதிக்கப்பட்டாங்க, தொற்று வந்தா குறைமாசப் பிரசவ ஆபத்து கூடும், வெளிநாட்டுல ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளுக்குப் போட்டுப் பாத்திருக்காங்கன்னு திண்ணையில உக்காந்து பொறுமையா பேசினாங்க.

அடுத்த வாரம் அக்கா போய் வரிசையில நின்னா. கூட அம்மா போனாங்க. நான் மீட்டிங்ல இருந்தேன்.