எஸ்டேட் என்ற சொல்லும் மூன்றாம் உலகமும்

‘மூன்றாம் உலக நாடு’ என்று யாராவது சொன்னதும் நம் மனம் இரண்டு படி கீழே இறங்கிவிடுகிறது. மருந்தில்லாத ஆஸ்பத்திரியும் கடன் கேட்டு நிற்கும் நிதியமைச்சரும் கண்முன் வருகிறார்கள். இதற்கு நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம். தமிழில் ‘மூன்றாந்தரம்’ என்றால் மட்டமான சரக்கு. ரயிலில் 1974 வரை மூன்றாம் வகுப்பு இருந்தது. அந்தப் பெட்டிகளில் ஜனங்கள் படும் பாட்டைப் பற்றிக் காந்தி 1917-லேயே தனியாக எழுதினார். இப்படிப் பழகிய காதில், ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்த ‘மூன்றாம் உலகம்’ கடைசிப் பெட்டி என்றுதான் கேட்டது.

பெயர் வைத்தவர் நினைத்தது வேறு. 1952 ஆகஸ்ட் 14 அன்று, பாரிஸிலிருந்து வந்துகொண்டிருந்த ‘லோப்செர்வத்தர்’ வார இதழில் ஆல்ஃப்ரெட் சோவி ஒரு சிறு கட்டுரை எழுதினார். ‘மூன்று உலகங்கள், ஒரே பூமி’ என்பது அதன் தலைப்பு. சோவி புரட்சிக்காரர் அல்லர்; மக்கள்தொகையைக் கணக்கிடுவது அவர் தொழில். அமெரிக்க அணி, சோவியத் அணி என்று இரண்டு உலகங்களைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள், அவை இரண்டும் எதைப் பிடிக்கச் சண்டை போடுகின்றனவோ அந்த மூன்றாவதை மறந்துவிடுகிறீர்கள் என்பது அவர் முறையீடு. கட்டுரையின் கடைசி வாக்கியத்தில்தான் பெயரின் விதை இருக்கிறது. பழைய பிரான்சின் மூன்றாம் எஸ்டேட்டைப் போலவே இந்த மூன்றாம் உலகமும் புறக்கணிக்கப்பட்டும் சுரண்டப்பட்டும் இகழப்பட்டும் கிடக்கிறது. அதைப் போலவே தானும் ஏதோ ஒன்றாக ஆக விரும்புகிறது என்று அவர் முடித்திருந்தார்.

பிரெஞ்சில் மூன்றாவதைக் குறிக்க இரண்டு சொற்கள் உண்டு. அன்றாட எண்வரிசைக்கு ‘த்ருவாசியெம்’. சோவி அதைத் தொடவில்லை. ‘தியெர்’ என்ற பழஞ்சொல்லை எடுத்து ‘தியெர் மோந்த்’ என்று எழுதினார். பிரெஞ்சு வாசகருக்கு ‘தியெர்’ என்றவுடன் ‘தியெர் எத்தா’, அதாவது மூன்றாம் எஸ்டேட், அதாவது 1789-ன் புரட்சி, நினைவுக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அங்கே போனதும் புரட்சி உதிர்ந்து, எண் மட்டும் மிஞ்சியது. நமக்கு வந்தது அந்த எண்தான்.

1789 ஜனவரியில் அபே சியேஸ் என்ற பாதிரியார் ஒரு துண்டு நூல் வெளியிட்டார். அதில் மூன்று கேள்விகள். மூன்றாம் எஸ்டேட் என்பது என்ன? எல்லாமும் அதுதான். இதுவரை ஆட்சியில் அதற்கு என்ன இடம்? ஒன்றுமில்லை. அது கேட்பது என்ன? ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. சோவியின் கடைசி வரி இதன் எதிரொலி. குருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாவது. உழவரும் தச்சரும் துணி வெளுப்பவரும் வக்கீலும் வியாபாரியும் சேர்ந்த மற்றெல்லாரும் மூன்றாவது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அவர்கள். வரிச்சுமையும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான். 1614-க்குப் பிறகு முதல்முறையாக 1789 மே மாதம் மூன்று எஸ்டேட்டுகளின் பேரவை கூடியபோது, எஸ்டேட்டுக்கு ஓர் ஓட்டு என்ற பழைய முறையிலேயே எண்ணப் பார்த்தார்கள். அப்படி எண்ணினால் பெரும்பான்மை எந்நாளும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்கும். தலைக்கு ஓர் ஓட்டு கேட்டு நின்ற மூன்றாம் எஸ்டேட், ஜூன் 17 அன்று தன்னையே தேசிய அவை என்று அறிவித்துக்கொண்டது.

ஆக, ‘மூன்றாம்’ என்பது தரவரிசை அல்ல. ஓட்டு எப்படி எண்ணப்பட வேண்டும் என்பதைப் பற்றிய வழக்கு. சோவி அதை உலகத்துக்குப் பொருத்தியபோது வழக்கு அப்படியே பொருந்தியது. பாதுகாப்பு அவையில் ஐந்து நாடுகளுக்கு மட்டும் வீட்டோ. சர்வதேச நாணய நிதியத்தில் போட்ட பணத்துக்கு ஏற்ப ஓட்டு. இந்த ஏற்பாடுகள் எழுந்தபோது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பகுதி இன்னும் காலனியாகவே இருந்தது.

அதன்பின் பெயர் வேகமாகப் பரவியது. 1955 ஏப்ரலில் பாண்டுங் நகரில் 29 நாடுகள் கூடின. 1961-ல் பெல்கிரேடில் அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு. 1964-ல் ஜெனிவாவில் ஐ.நா. வணிக மாநாடு; 77 நாடுகளின் குழு பிறந்தது அங்கேதான். அந்த மாநாட்டை நடத்திய அர்ஜென்டினப் பொருளியலாளர் ராவுல் பிரெபிஷ், மூலப்பொருளை விற்று இயந்திரத்தை வாங்கும் நாடு காலப்போக்கில் அதே இயந்திரத்துக்கு மேலும் மேலும் மூலப்பொருளைக் கொடுக்க வேண்டிவரும் என்று 1950 முதலே வாதாடியவர். தேயிலை விற்று வாழ்ந்த இலங்கைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 1960-களில் தேயிலை விலை சரியச் சரிய, அந்நாடு வாங்கும் அரிசிச் சாக்கு தேயிலைக் கணக்கில் கனத்துக்கொண்டே போனது.

இங்கே வேர்ச்சொல்லுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். பிரெஞ்சு ‘எத்தா’, ஆங்கில ‘எஸ்டேட்’, ‘ஸ்டேட்’ மூன்றுக்கும் லத்தீன் ‘ஸ்டாட்டுஸ்’தான் தாய். நிலை, நிற்கும் இடம் என்பது பொருள். பிரான்சில் அது சமூகத்தில் ஒருவர் நிற்கும் படிநிலையைக் குறித்தது. ஆங்கிலத்தில் அந்த நிலையைத் தரும் சொத்தைக் குறித்து, பிறகு நிலபுலத்தைக் குறித்து, காலனிகளில் பெருந்தோட்டத்தைக் குறித்தது. ‘ஸ்டேட்’ என்ற வடிவம் அரசாயிற்று. தமிழில் எஸ்டேட் என்றால் யாரும் 1789-ஐ நினைப்பதில்லை. வால்பாறை, ஹட்டன், நுவரெலியா. தொரையின் பங்களா, கங்காணி, விடியலில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வரிசையான லயம்.

சோவியின் பெயரில் எனக்கு உள்ள மனக்குறை இந்த எஸ்டேட்டில்தான் தொடங்குகிறது. சியேஸின் மூன்றாம் எஸ்டேட், ஒரு நாட்டுக்குள் இருந்த மனிதர்களின் பெயர். சோவி அதை எடுத்து நாடுகளுக்குச் சூட்டினார். நாடு என்று சொன்னதும் அதற்குள் இருக்கும் முதல் எஸ்டேட்டும் மூன்றாம் எஸ்டேட்டும் ஒரே கொடியின் கீழ் மறைந்துபோயின. இந்த ஆபத்தைக் காலனியாட்சியை எதிர்த்து எழுதிய ஃப்ரான்ஸ் ஃபனோன் 1961-லேயே கண்டார். வெள்ளைக்காரன் எழுந்துபோன நாற்காலியில் உள்நாட்டுப் பணக்கார வர்க்கம் உட்கார்ந்துகொள்ளும் என்று எச்சரித்தார்.

இலங்கையில் அது நடந்தது. திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து போய்க் காப்பியும் பிறகு தேயிலையும் வளர்த்தவர்கள், 1947 தேர்தலில் இலங்கையில் தாங்கள் அமைத்த காங்கிரஸிலிருந்து ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போட்டார்கள். 1948-ன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் குடிமக்கள் இல்லை என்றாக்கியது, ஓட்டும் போயிற்று. அன்று இடதுசாரிக் கட்சிகள் அதை எதிர்த்து நின்றன. தொழிலாளியின் கையை உடைக்கும் சட்டம் இது என்பதை அவர்கள் தெளிவாகப் பார்த்தார்கள்.

பாண்டுங்கைக் கூட்டிய ஐந்து நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் இருந்தன. அங்கே அவற்றின் பிரதமர்கள் நேருவும் கொத்தலாவலையும் உட்கார்வதற்கு ஓராண்டு முன்பு, 1954 ஜனவரியில், இந்த மக்களை என்ன செய்வது என்று இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 1964 அக்டோபர் தொடக்கத்தில், கெய்ரோவில் இரண்டாவது அணிசேரா மாநாடு. அப்போதைய பிரதமர்கள், இந்தியாவின் சாஸ்திரியும் இலங்கையின் சிறிமாவோவும், வந்திருந்தார்கள். அதே அக்டோபர் 30 அன்று டெல்லியில் இருவரும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவாயிற்று. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஒப்பந்தத்தின்போது இலங்கையின் நிதியமைச்சர் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் என்.எம். பெரேரா. 1948-ல் எதிர்த்த அதே கட்சி. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. பேரரசுகளுக்கு எதிராக நியாயம் பேசியவர்களின் பக்கம்தான் என் மனம் இன்றும் நிற்கிறது. அதனாலேயே இந்தக் கையெழுத்தை என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

1974-ல் ஐ.நா. பொதுச்சபை புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்கு கேட்டுத் தீர்மானம் போட்டது. நியாயமான கோரிக்கை. மூலப்பொருளுக்கு ஒழுங்கான விலையும், தன் மண்ணின் வளத்தின்மேல் தனக்கே அதிகாரமும் வேண்டும் என்றது. 1973–74-ன் உணவுத் தட்டுப்பாட்டில் இலங்கைத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்துகொண்டிருந்த காலமும் அதுவே. 1975-ல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. லயம் லயமாகவே இருந்தது. 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாம் மாநாடு கொழும்பிலேயே கூடியபோது, தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது, அனுப்பப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு. தமிழ்நாட்டில் அவர்களுக்கு அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. பலர் பிறந்தது இலங்கையின் அந்த மலையில்தான். அவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு இங்கே கிடைத்த வேலையும் நீலகிரியில், 1968-ல் அவர்களுக்காகவே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிப்பதுதான். மறுபடியும் எஸ்டேட்.

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேராமல் காத்திருந்தவர்களை இலங்கைத் தமிழ் ‘நாடற்றவர்’ என்று அழைத்தது. ஆங்கிலத்தில் அதற்குள்ள சொல்லிலும் அதே ‘ஸ்டேட்’தான் உட்கார்ந்திருக்கிறது: நிற்க ஓர் இடம் இல்லாதவர்.