ஓடி வந்தவர்களின் கரை

 

காலையில் நாங்கள் எந்தப் பாதையால் ஓடுகிறோம் என்று பலர் கேட்கிறீர்கள். சொல்கிறோம். ஆனால் அந்தப் பாதை எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி சொன்ன மாதிரித்தான். வாத்திமார் எழுதுவது, கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களில் சிலர் சுபஹு தொழுகையை முடித்துக்கொண்டும், சிலர் வீட்டில் பிளேன்ரீ குடித்துக்கொண்டும் வந்து, ஏ-9 வீதியில் இரணைமடுச் சந்தியில் சேருவோம். அங்கிருந்து கிழக்கே குளத்துக்கு. கட்டில் ஏறினால் ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மற்றப் பக்கம் வயல். கட்டு ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளம். போய்த் திரும்பினால் 4. இது முதல் பாதை.

இரண்டாவது, இடதுகரை வாய்க்காலோடு கிளிநொச்சி நகரப் பக்கம் வருவது. மூன்றாவது, வலதுகரைப் பக்கம் வட்டக்கச்சிக்குப் போவது. அந்த நேரத்தில் மரக்கறி மூட்டை கட்டிய சைக்கிள்களும் லான்ட்மாஸ்டர்களும் சந்தைக்கு எதிரே வந்துகொண்டிருக்கும். அவர்களுக்கு வழி விட்டுத்தான் ஓட வேண்டும். அவர்களுடையது வேலை, எங்களுடையது உடற்பயிற்சி.

ஓடத் தொடங்கிய முதல் கிழமையில் நடந்த ஒன்று. கட்டடியில் மாடு பார்த்துக்கொண்டிருந்த வயதான ஐயா ஒருவர், நாங்கள் ஓடி வருவதைக் கண்டதும் பதறி எழும்பினார். "என்ன தம்பியவை, ஏன் ஓடுறியள்? என்ன நடந்தது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை ஐயா, சும்மாதான் ஓடுகிறோம் என்றோம். அவர் நம்பவில்லை. நாங்கள் வந்த திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஐயா ஏன் எழும்பினார் என்பதுதான் இந்தக் கரையின் வரலாறு.

இரணைமடுவுக்குத் தண்ணீர் தருவது கனகராயன் ஆறு. வவுனியா மாவட்டத்தில் தொடங்கி, வடக்கே வந்து, சுண்டிக்குளம் கடனீரேரியில் சேர்கிறது. இரணை என்றால் இரட்டை, மடு என்றால் ஆழமான நீர்நிலை. பெயரிலேயே இரண்டு மடு இருக்கிறது. 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிக் கைநூல் எழுதிய ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டது, உடைந்த குளங்களும் ஆள் குறைந்த ஊர்களும் காய்ச்சலும் உள்ள ஒரு வன்னியை. 1902இல் ஆற்றை மறித்துக் கட்டுப் போடும் வேலை தொடங்கியது. வடக்குப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறந்தது 1905இல். குளத்து வேலை முடிய 1920களின் தொடக்கம் ஆகிவிட்டது. பெக்கோ இல்லாத காலம். இன்று நாங்கள் சப்பாத்துப் போட்டு ஓடும் மண், அன்று ஆட்கள் வெட்டிச் சுமந்து கொட்டிய மண். பிறகு 1950களிலும் 1970களிலும் கட்டை உயர்த்தினார்கள். இன்று இந்தக் குளத்தை நம்பி ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் இருக்கிறது.

தண்ணீர் வந்ததும் சனம் வந்தது. 1930களிலிருந்து யாழ்ப்பாணத்தில் காணி இல்லாதவர்களும் வேலை இல்லாதவர்களும் இங்கே குடியேறினார்கள். காடு வெட்டினார்கள், மலேரியாவோடு மல்லுக்கட்டினார்கள். கிளிநொச்சி என்ற சந்தை நகரம் அவர்களுடைய நெல்லிலும் மரக்கறியிலும் வளர்ந்தது.

அடுத்து வந்தவர்கள் உண்மையாகவே ஓடி வந்தவர்கள். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களில் இருந்தார்கள். வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக்காணிதான் பலருக்குக் கிடைத்தது. அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்று இந்த ஊருக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டார் ஓடியது 1990 ஒக்டோபரில். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, கிளிநொச்சியில் நாச்சிக்குடா, அதோடு மன்னார், யாழ்ப்பாணம். தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த வடக்குப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்டோபர் 30. கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். எங்களில் சிலர் அப்போது கைப்பிள்ளை. நடக்கப் பழகியது புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலுக்கு முன்னால்தான். வன்னி எங்களுக்கு உம்மம்மா சொன்ன ஊராகத்தான் இருந்தது. வேலை கிடைத்து இங்கே வந்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30. வலிகாமத்துத் தமிழ் மக்கள் ஒரே இரவில் பல இலட்சமாக ஊரை விட்டுக் கிளம்பினார்கள். பலர் கடனீரேரியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, மர நிழலிலும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும் தங்கினார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 1996 செப்டெம்பரில் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தது, 1998 செப்டெம்பரில் புலிகள் திரும்பப் பிடித்தார்கள். 2002 ஏப்ரலில் இதே கிளிநொச்சியில்தான் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் முஸ்லிம்கள் திரும்பி வருவது பற்றி ஒப்பந்தம் செய்தார்கள். கொஞ்சப் பேர் வந்து பார்த்தார்கள். அதற்குள் மீண்டும் யுத்தம். 2008 கடைசியில் கிளிநொச்சிச் சனம் பரந்தன் – முல்லைத்தீவு வீதிப் பக்கமாகக் கிழக்கே போனது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று. 2009 ஜனவரி 2இல் இராணுவம் நகரத்துக்குள் வந்தபோது வீடுகளில் ஆள் இல்லை. கிழக்கே போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

இப்போது விளங்குகிறதா? இந்த ஊரில் 'ஓட்டம்' என்றால் விளையாட்டு இல்லை. "அந்த ஓட்டத்திலைதான் அக்காவை விட்டனாங்கள்", "இரண்டாம் ஓட்டத்தோட மாடுகள் போட்டுது" என்று காலத்தையே ஓட்டத்தால் எண்ணும் ஊர் இது. அந்த ஐயா எழும்பியதில் பிழை இல்லை.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டையும் துருசையும் திருத்தினார்கள். 2018 டிசெம்பரில் கொள்ளளவைக் கூட்டிய குளத்தின் வான்கதவைத் திறந்து வைத்தார்கள். அதே மாதம் 21ஆம் திகதி இரவு பெருமழை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் மீண்டும் பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள். தண்ணீரும் ஓட வைக்கும் என்பதை அன்று பார்த்தோம்.

இதை எழுதுவது பழைய காயத்தைக் கிளறுவதற்கு இல்லை. எங்கள் மாணவர்கள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். பின்னால் யாரும் துரத்தாமல், முன்னால் ஒரு கோட்டைத் தொடுவதற்காக மட்டும் ஓடும் பிள்ளைகள். அல்ஹம்துலில்லாஹ், அது எவ்வளவு பெரிய விஷயம்! 2023இல் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 70 வயது தாண்டிய பிறகு, பிலிப்பைன்ஸில் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று வந்தார். தண்ணீரூற்றுக்குப் பக்கத்து ஊர். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் உம்மாவும் அழுதார், சிரித்தார்.

அதனால் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூட மரதன் ஓட்டத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது ஒரு நாளாவது இந்தக் கட்டுக்குக் கூட்டி வாருங்கள். ஓடி முடிய ஐந்து நிமிடம் நிழலில் இருத்தி, யார் மண் சுமந்தார்கள், யார் எங்கிருந்து ஓடி வந்தார்கள் என்று சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், வன்னியார் எல்லோருடைய கதையையும் சொல்லுங்கள். 1990இல் போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒருவருடைய ஓட்டத்தைச் சொன்னால் மற்றவருடைய ஓட்டம் சிறிதாகிவிடாது. எங்கள் பிள்ளைகளுக்கும் நாங்கள் 2008ஐச் சொல்லித்தான் கொடுக்கிறோம்.

வருபவர்களுக்குச் சில விஷயங்கள். வெயில் ஏறுமுன் முடியுங்கள், தண்ணீர் கொண்டு வாருங்கள். மாரியில் வான்கதவு திறக்கும் நாட்களில் கட்டுப் பக்கமே வேண்டாம். குளத்தில் முதலை இருக்கிறது, கால் கழுவ இறங்க வேண்டாம். பிளாஸ்டிக் போத்தலை வாய்க்காலில் போடாதீர்கள், அது ஒருவருடைய வயலுக்குத்தான் போகும்.

அந்த ஐயா இப்போது எங்களைக் கண்டால் எழும்புவதில்லை. இருந்தபடியே, "இண்டைக்கு ஆர் கடைசி?" என்று கேட்கிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுடைய ஓட்டங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். இன்ஷா அல்லாஹ், கட்டில் சந்திப்போம்.