காவல் நிற்கும் சளி



புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அன்று அவர்தம் ஆசிரியர்களும் அறிந்திராத ஓர் உண்மையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது நாம் முகஞ்சுளித்து ஒதுக்கும் சளியைப் பற்றியது.

தமிழ் மருத்துவ நூலோர் வளி, அழல், ஐயம் என மூன்றைக் கூறி, அவை மிகினும் குறையினும் நோய் என்றனர். சளியை ஐயத்தின்பாற் படுத்தினர். ஐரோப்பியரோ, சளி மூளையிலிருந்து வடிவதென்று நெடுங்காலம் நம்பினர். மூக்கின் உட்படலமே அதனைச் சுரக்கிறதென்று, 1660 முதல் வெளியிட்ட நூல்களில் நிறுவினார் ஜெர்மானிய மருத்துவர் ஷ்னைடர்.

1921-இல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங், கிருமிகள் வளர்ந்த தட்டில் தம் மூக்குச் சளியை இட்டார். கிருமிகள் கரைந்தன! அவற்றைக் கரைத்த பொருளே 'லைசோசைம்'. பெனிசிலினை அவர் கண்டது 1928-இல்தான்.

சளியில் பெரும்பகுதி நீரே. மியூசின் என்னும் புரதம் அதற்குப் பசைத்தன்மை தருகிறது. மூச்சோடு புகும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ள, நுண்மயிர்கள் அவற்றைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. இரைப்பையின் சுவரை அமிலம் அரித்துவிடாமல் காப்பதும் சளிப்படலமே.

ஆயினும் இக்காவலுக்கு எல்லையுண்டு. நம் மாவட்டத்தில் கல்குவாரிகள் பல. கல்லுடைக்கையில் எழும் மிக நுண்ணிய தூசி, சளிப்படலம் இல்லாத நுரையீரற் சிற்றறைகள்வரை சென்று தங்கி நோய் செய்யும். கல்லை நீரால் நனைத்து உடைப்பதும், தூசியை வடிகட்டும் உறையால் மூக்கை மூடுவதும் அதனால்தான் வேண்டப்படுகின்றன. இயற்கையின் காவல் முடியுமிடத்தில் மனிதனின் அறிவு காவல் நிற்க வேண்டும்.