ஏலக் கடையில் கடிதங்கள்

கெட்டுப்போன சாமானை, கெட்டுப்போனது என்று தெரிந்தே யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? 1995-ம் வருஷம் செப்டம்பரில் ஒருவர் வாங்கினார்.

பியர் ஒமிட்யார் என்ற 28 வயது வாலிபர் அப்போது கலிபோர்னியாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரானியப் பெற்றோருக்குப் பாரிஸ் நகரில் பிறந்தவர். ஓய்வு நேரத்தில் அவர் இணையத்தில் 'ஆக்‌ஷன்வெப்' என்று ஓர் ஏலக் கடையைத் திறந்தார். அதுதான் பிறகு 'ஈபே' என்று பெயர் மாற்றிக்கொண்டு உலகமெல்லாம் பரவியது. நம் நாட்டில்கூட 2004-ல் 'பாஸீ' என்ற ஏலத்தளத்தை விலைக்கு வாங்கி நடத்திப் பார்த்துவிட்டு, 2018-ல் கடையைக் கட்டியது.

கடை திறந்த புதிதில் ஒமிட்யார் தம்மிடம் வேலை செய்யாமல் கிடந்த லேசர் விளக்கு ஒன்றை ஏலத்தில் வைத்தார். கூட்டங்களில் பேசுகிறவர்கள் திரையில் சிவப்புப் புள்ளி விழச் செய்து காட்டுவார்களே, அந்தச் சாதனம். 14 டாலர் 83 சென்ட்டுக்கு ஏலம் முடிந்தது! மனிதருக்கு மனசு கேட்கவில்லை. 'இது உடைந்தது என்று கவனித்தீர்களா?' என்று, ஏலம் எடுத்தவருக்கு ஒரு கடிதம் போட்டார். உடைந்த லேசர் விளக்குகளைச் சேகரிப்பதுதான் தம்முடைய பொழுதுபோக்கு என்று பதில் வந்தது.

கதை எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கு இந்த இரண்டு கடிதங்களின் மேல் பொறாமையாகவே இருக்கிறது. விற்கிறவன் தன் சரக்கின் குறையைத் தானே வலியச் சென்று சொல்கிறான். வாங்குகிறவனோ அந்தக் குறைக்காகவே அதை வாங்குகிறான். இப்படி ஒரு கட்டத்தை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால், "நடக்கிற காரியமா, ஐயா?" என்று கேட்டு வாசகர்கள் கடிதம் எழுதியிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனிக்காரர்களே இந்தக் கதை போதாது என்று நினைத்தார்கள். ஒமிட்யார் தம் காதலியின் மிட்டாய் டப்பா சேகரிப்புக்காகவே கடையை ஆரம்பித்தார் என்று ஒரு கட்டுக்கதையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். 2002-ல் அது வெளுத்துப் போயிற்று. உண்மையே இவ்வளவு நன்றாயிருக்கும்போது பொய் எதற்கோ!

போகட்டும். அந்தக் கடையின் ஆதி நாட்களில் வியாபாரம் முழுவதும் கடிதத்திலேதான் நடந்தது. கடைக்காரர் சரக்கையும் தொடமாட்டார், பணத்தையும் தொடமாட்டார். ஏலம் முடிந்ததும் இருவரும் தாங்களே எழுதிக்கொண்டு, செக் அனுப்புவதும் பார்சல் கட்டுவதும் தாங்களாகவே செய்துகொள்ள வேண்டியது. ஒருவருடைய மின்னஞ்சல் விலாசமே அங்கே அவருக்குப் பெயர். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். முகம் தெரியாத இரண்டு பேர், ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிப் பணத்தைத் தபாலில் போட்டார்கள். எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிற விஷயம், பெரும்பாலும் சாமான் வந்து சேர்ந்தது என்பதுதான்.

வராதபோது சண்டை. சண்டைக்காரர்கள் இருவருமே ஒமிட்யாருக்கு எழுதுவார்கள். பகலில் உத்தியோகம், இரவில் பஞ்சாயத்து என்றால் எந்த மனிதன்தான் தாங்குவான்? 1996 பிப்ரவரியில் அவர் எல்லாருக்குமாக ஒரு கடிதம் எழுதிக் கடையில் ஒட்டினார். பெரும்பாலோர் நேர்மையானவர்கள், சிலர் அல்ல, உங்கள் புகாரையும் புகழையும் எனக்கு எழுத வேண்டாம், எல்லாரும் பார்க்கப் பகிரங்கமாக எழுதுங்கள் என்பது அதன் சாரம். வாங்கியவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் 80 எழுத்துக்குள் நற்சாட்சியோ துர்ச்சாட்சியோ எழுதும் வழக்கம் அப்படித்தான் வந்தது. 2008-ல், விற்பவர்கள் வாங்குகிறவர்களைப் பற்றிக் குறை எழுதக்கூடாது என்று விதியை மாற்றினார்கள். அதற்காக விற்பனையாளர் பலர் ஒரு வாரம் வேலைநிறுத்தம்கூடச் செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை.

இதற்கிடையில், திறந்து கிடந்த விலாசங்களின் மேல் வேறு கண்கள் விழுந்தன. 1999-ம் ஆண்டின் பிற்பகுதியில் 'ரிவர்ஸ் ஆக்‌ஷன்' என்ற போட்டிக் கடையொன்று, ஈபேயில் சாதாரண அங்கத்தினர் போல் பெயரைப் பதிந்துகொண்டு உள்ளே நுழைந்தது. அங்கிருந்த விலாசங்களை வாரிக் கட்டிக்கொண்டு போயிற்று. பிறகு அவர்களுக்கெல்லாம், 'உங்கள் ஈபே பெயர் சீக்கிரம் காலாவதியாகிவிடும்' என்று கடிதம் அனுப்பியது. பயந்துபோய் வருகிறவர்களைத் தன் கடைக்குள் இழுத்துக்கொள்வதற்காகத்தான்! அரசாங்கத்தின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது. 2000-ம் வருஷம் ஜனவரியில், 'உங்கள் பெயர் காலாவதியாகாது' என்று அதே ஆட்களுக்கு மறுபடியும் கடிதம் எழுதும்படி உடன்பாடு ஏற்பட்டது.

இதற்குப் பிறகு வந்த சில வருஷங்களில் விலாசங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குப் பின்னால் போயின. கேள்வி கேட்க வேண்டுமானால் கடை தரும் படிவத்தில் எழுத வேண்டும். கடை அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும். அப்போதும் மோசடிக்காரன் சும்மா இருக்கவில்லை. ஏலத்தில் தோற்றவருடைய பெயரைப் பார்த்துக்கொண்டு, 'ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், சரக்கு உமக்கே, பணத்தை இங்கே அனுப்பும்' என்று விற்பவர் போலவே எழுதினான். ஏமாந்தவர்கள் பலர். ஆகவே ஏலம் கேட்பவர்களின் பெயர்களும் மறைந்தன. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் போல ஏதோ இரண்டு எழுத்து, நடுவில் மூன்று நட்சத்திரம்: இன்றைக்கு அதுதான் மனிதர்.

இப்போது கடிதங்கள் யாவும் கடையின் சொந்தத் தபால்பெட்டி வழியாகவே போகின்றன. விற்பனை முடியும் முன்பு மின்னஞ்சல் விலாசமோ டெலிபோன் எண்ணோ எழுதக்கூடாது. 'வெளியே வைத்துக்கொள்ளலாம்' என்று ஒரு வார்த்தை சொல்வதும் குற்றம். இப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று இயந்திரம் படித்துப் பார்க்கிறது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலான சரக்குகளுக்கு 100 டாலருக்கு 13 டாலருக்குக் குறையாமல் கமிஷன் வாங்குகிற கடை அது. இருவரும் நேரே பேசிக்கொண்டால் அந்த 13 டாலர் போய்விடும். இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவர்கள் பேச்சில் எனக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு உண்டாகியிருக்கும்.

துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிற தரகரைப் பற்றி நாம் எத்தனையோ குறை சொல்கிறோம். ஆனாலும் அவர் சந்தையோடு போய்விடுகிறார். வாங்கியவனும் விற்றவனும் வீடு திரும்புகிற வழியில் என்ன பேசினார்கள் என்று அவர் ஒட்டுக் கேட்பதில்லை. இங்கே மோசம் போன ஒருவரிடம் இதைச் சொன்னால், "படித்தால் படிக்கட்டுமே, என் பணம் பிழைத்தால் சரி" என்றுதான் பதில் சொல்வார். அவர் வாயை அடைக்க என்னிடம் வார்த்தை இல்லை.

கிழிந்த கடிகாரப் பெட்டி, பழைய தபால் தலை, கைப்பிடி போன கோப்பை என்று ஏதோ ஒன்றின் மேல் பித்துக்கொண்ட இரண்டு பேர் இன்றும் அங்கே சந்திக்கத்தான் செய்கிறார்கள். 'விரிசல் உள்ளே வரையில் போகிறதா?' என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உண்மையை எழுதுகிறார். 'இந்த மாதிரி இன்னும் நாலு இருக்கிறது, நேரே எழுதுங்கள்' என்று விலாசத்தைச் சேர்த்தால் மட்டும் கடிதம் நின்றுவிடும். சாமான் விற்றுப் பணம் கட்டியான பிறகுதான் வாங்கியவருடைய வீட்டு விலாசம் விற்றவருக்குத் தெரியவரும். பார்சலின் மேல் எழுத வேண்டுமே!