கண் கொடுத்த கதை – 14: சோடாபுட்டிக் காலம்

1968-இல் திருப்பதியில் ஒரே நாளில் 833 பேருக்குக் கண்புரை அறுவை செய்தார் டாக்டர் எம்.சி. மோடி. கின்னஸ் புத்தகம் ஏறிய சாதனை. கர்நாடகத்துக்காரரான அவர் ஊர் ஊராக முகாம் போட்டு, காசு வாங்காமல் கத்தி பிடித்தவர். பத்மஸ்ரீயும் பத்மபூஷணும் அவரைத் தேடி வந்தன. இருபத்து நான்கு மணி நேரமும் கை ஓயவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. என்ன வேகம், என்ன துணிச்சல்! ஆனால் இலவசக் கண் சிகிச்சையின் வரலாற்றை இப்படி எண்ணிக்கையால் எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. கட்டு அவிழ்த்த பிறகு நோயாளிக்கு என்ன தெரிந்தது என்பதிலிருந்துதான் அதை எழுத வேண்டும்.

அந்தக் கால முகாம்களில் புரை விழுந்த வில்லையை எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு உள்ளே எதுவும் வைப்பதில்லை. வில்லையின் வேலையை ஏறத்தாழ +10 பவர் உள்ள தடித்த கண்ணாடிதான் பார்க்க வேண்டும். ஊரில் அதற்குப் பெயர் சோடாபுட்டி. அதைப் போட்டால் எதிரே வரும் மாடு கால்பங்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் வரும் வண்டி சட்டென்று மறைந்து சட்டென்று முளைக்கும். படி இறங்கினால் கால் தடுமாறும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்து மறு கண் நன்றாக இருந்தாலோ, எல்லாமே இரண்டிரண்டு. களையெடுக்கிற இடத்தில் கண்ணாடி விழுந்து உடைந்தால் பழையபடி தடவி நடக்க வேண்டியதுதான். முகாம் கணக்கில் மட்டும் அவர் பார்வை பெற்றவராகவே இருப்பார். லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-லேயே கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்துக் காட்டிவிட்டார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லட்சக்கணக்கானவர்கள் பார்வையின்றிக் கிடந்தபோது, கையில் இருந்த கருவியை வைத்து ஒருவர் ஓடி ஓடி உழைத்ததைக் குறை சொல்லலாமா என்பார்கள். சொல்ல மாட்டேன். வெளிச்சமே தெரியாமல் இருந்தவருக்குச் சோடாபுட்டியும் வரம்தான். என் கோபமெல்லாம் 1980-களில், லென்ஸ் வசதியுள்ளவர்களுக்குப் பழகிப்போன பிறகும், விலை அதிகம், மைக்ரோஸ்கோப் வேண்டும், தேர்ந்த கை வேண்டும், ஏழைக்குக் கண்ணாடியே போதும் என்று தீர்ப்பு எழுதிய வல்லுநர்கள் மேல். இந்தத் தொடரில் வில்லன் என்று யாரையாவது காட்டச் சொன்னால் அவர்களைத்தான் காட்டுவேன். அவர்கள் சொன்ன தடைகள் பொய்யல்ல. அவற்றை ஏழையின் தலைவிதியாக்கியதுதான் குற்றம். 1992-இல் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை நிறுவனமாக மதுரையில் ஆரோலேப் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியதும், நூறு டாலரைத் தொட்ட பொருள் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. இலவசப் பிரிவுக்கும் லென்ஸ் கட்டுப்படியானது.

லென்ஸ் விற்பது வியாபாரமாயிற்றே, தர்மம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நன்கொடையை மட்டும் நம்பிய முகாம், கொடுக்கிறவர் கை சுருங்கினால் அந்த வருஷம் நடக்காது. அரவிந்தில் காசு கொடுப்பவரின் கட்டணம் கொடுக்க முடியாதவரின் செலவையும் சுமக்கிறது. நோயாளி யார் மனம் இளகவும் காத்திருக்க வேண்டாம். தர்மத்தை இதைவிடப் பத்திரமாக எங்கே வைப்பது?

முடக்குவாதத்தில் விரல் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணி ஓய்வுக்குப் பின் 1976-இல் பதினோரு படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கியதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம்.